தினம் புதிதாய்ப் பிறக்கும் கணினி

“அக்கா, அந்த பிளக்கை மட்டும் தொட்டுடாதீங்க” என்று சிஸ்டம்காரர் சொல்லி முடிப்பதற்குள் அவருடைய உடம்பு முந்திக்கொண்டது. பெரியவரின் அறையில், மேஜைக்கும் சுவருக்கும் நடுவே, ஓடிவரும் ரயிலை நிறுத்தப் போகிறவரைப்போல இரண்டு கைகளையும் விரித்து நின்றார்.

கூட்டிப் பெருக்கும் அக்கா நிதானமாக நிமிர்ந்தாள்.

“நான் எதுக்கு சார் பிளக்கைத் தொடப்போறேன். ஒட்டடை அடிக்க வந்தேன்.”

“ஒட்டடையும் வேண்டாம். அது பாட்டுக்கு இருக்கட்டும். பெரியவர் திரும்பி வர்ற வரைக்கும் இந்த மெஷின் அணையக் கூடாது.”

“அணைஞ்சா?”

“எல்லாம் போயிடும்.”

“எல்லாமேவா?”

“ஒண்ணு விடாம.”

அக்கா மேஜைக்கடியில் எரிந்த சின்னப் பச்சை விளக்கைச் சற்றுநேரம் பார்த்தாள். பிறகு துடைப்பத்தைச் சுவரோரம் சாத்திவிட்டு, “சரி சார். இனிமே இந்தப் பக்கம் யாரையும் நான் விடல” என்றாள். போகும்போது நுனிக்காலில் நடந்தாள்.

ஒரு கணினிக்குக் காட்டுகிற மரியாதையா இது என்று சிஸ்டம்காரருக்கு வியப்பாக இருந்தது. பிறகு, தான் கட்டிய கணினி அல்லவா, காட்டட்டும் என்று தோன்றியது. அவருக்கு அப்படித்தான் தோன்றும்.

தண்ணீர் மாதிரிகளைப் பரிசோதித்து, குடிக்கலாமா கூடாதா என்று சொல்கிற நிறுவனம் அது. ஊர்க் குழாய்களிலிருந்து பிடித்துவந்த தண்ணீர் போத்தல்களில் அடைபட்டுக் குளிர்பெட்டியில் காத்திருக்கும். மருந்து வாசனை மாடிப்படி வரை வரும். அங்கே கணினிகளைக் கட்டி மேய்ப்பவர் சிஸ்டம்காரர். அவருக்கென்று ஒரு பெயர் இருந்தது. அது அடையாள அட்டையில் மட்டும் இருந்தது. அந்த அட்டையும் வருஷா வருஷம் மாறும்.

காரணம், அவர் தற்காலிகம். ஆண்டுக்கு ஒருமுறை, ஒரே ஒரு நாள், அவர் வேலையில் இல்லாமல் போவார். பழைய அட்டையைத் திருப்பிக் கொடுப்பார். மறுநாள் புது விண்ணப்பம். அதில் ‘இந்நிறுவனத்தில் முன் அனுபவம்’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுத வேண்டும். எழுதுவார். அதன்பின் பெரியவர் அவரை எல்லோருக்கும் முன்னால் நிறுத்தி, தோளில் கைபோட்டு, “நமது குடும்பத்தில் புதிதாக இணைந்திருக்கும் இந்த நண்பரை வரவேற்போம்” என்பார். எல்லோரும் கைதட்டுவார்கள். தட்டுகிறவர்களில் பாதிப்பேர் முந்தின வாரம் அதேபோல் புதிதாக இணைந்தவர்கள்.

தலைமை அதிகாரிக்குத்தான் அங்கே ‘பெரியவர்’ என்று பெயர். வயதினால் வந்த பெயரல்ல, நாற்காலியினால் வந்தது. கழிவறைக்குப் புதுக் குழாய் போட்டாலும் நாடா வெட்டுவார். வெட்டிய நாடாவைச் சுருட்டி மேஜை இழுப்பறையில் வைத்துக்கொள்வார், அடுத்த குழாய்க்கு ஆகும் என்று. அவரிடம்தான் சிஸ்டம்காரர் ஒருநாள் தன் வாழ்நாள் சாதனையை விளக்கினார்.

“இதுல டிஸ்க்கே கிடையாது சார். காலையில ஆன் பண்ணினா, கீழ இருக்கற பெரிய மெஷின்லேர்ந்து மொத்த சிஸ்டத்தையும் ஒரு பிரதி எடுத்து, மெமரியில விரிச்சுக்கும். அன்னிக்குப் பூரா அது மேலயே ஓடும். சாயங்காலம் அணைச்சா, விரிச்சது அத்தனையும் போச்சு. மறுநாள் பழையபடி சுத்தமா ஆரம்பிக்கும்.”

“அப்ப முந்தின நாள் அடிச்சது?”

“இருக்காது சார். வைரஸ் இருக்காது, குப்பை இருக்காது, வேலை நேரத்துல ஆளுங்க பாக்கற சினிமா இருக்காது. தினம் புதுசாப் பிறக்குது சார் இது. ஞானி மாதிரி. வேணும்கற ஃபைலை மட்டும் ஒரு பொத்தானை அழுத்திக் கீழ இருக்கற பெரிய மெஷினோட கிடங்குக்கு அனுப்பிட்டாப் போதும்.”

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“பொத்தானை அழுத்தலேன்னா, இன்னிக்கு நான் என்ன அடிச்சேன்னு நாளைக்கு யாராலயும் கண்டுபிடிக்க முடியாது?”

“முடியவே முடியாது சார்.”

“நீயே நினைச்சாலும்?”

“ஆண்டவனே நினைச்சாலும் சார்.”

பெரியவர் சிரித்தார். மேடையில் சிரிக்கிற சிரிப்பல்ல. அவர் உண்மையிலேயே சிரித்து சிஸ்டம்காரர் பார்த்தது அன்றுதான். விஞ்ஞானத்தின் அழகு ஒரு மனிதரைத் தொட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டார். முதல் கணினி பெரியவரின் அறையிலேயே வைக்கப்பட்டது. நாடா வெட்டப்பட்டது. சிஸ்டம்காரருக்கு மைக் கிடைத்தது. பென் டிரைவ் சொருகும் துளைகளைப் பசை ஊற்றி அடைத்துவிட்டதையும், வெளியிலிருந்து உள்ளே நுழையும் வழிகளையெல்லாம் மூடிவிட்டதையும் விளக்கி, “நானே உள்ள போகணும்னாலும் போக முடியாது” என்று முடித்தார். பலத்த கைதட்டல்.

அந்தக் கைதட்டலுக்குத்தான் இப்போது வட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

முந்தின நாள் மாலை பெரியவர் வெளிநாட்டுக்குக் கிளம்பினார். ‘தண்ணீரும் தலைமைப் பண்பும்’ என்று ஒரு கருத்தரங்கு. கிளம்பும்போது சிஸ்டம்காரரைத் தனியாக அழைத்து, கதவைச் சாத்தி, தோளில் கை வைத்தார்.

“இந்த வருஷம் ஒரே ஒரு நிரந்தர இடம் வந்திருக்கு. உனக்குத்தான். ஆர்டரை என் கையாலேயே அடிச்சு இதுக்குள்ள வெச்சிருக்கேன். வந்ததும் கையெழுத்துப் போட்டுத் தரேன். வெளியில மூச்சு விடாதே. மத்தவங்க வயிறு எரிவாங்க.”

சிஸ்டம்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. பெரியவரின் கார் வாசலைத் தாண்டும் வரை கைகூப்பியபடி நின்றார். தாண்டிய பிறகுதான் அவருக்கு உறைத்தது.

“சார், கிடங்குக்கு அனுப்பினீங்களா?” என்று கேட்கப் போன் செய்தார்.

“அதெல்லாம் குமாஸ்தாக்கள் அழுத்தற பொத்தான்” என்றார் பெரியவர். “மெஷினைப் பூட்டிட்டுத்தான் வந்திருக்கேன். அணைக்கல. போதாதா?”

“கடவுச்சொல் மட்டும் சொன்னீங்கன்னா நானே...”

“கடவுச்சொல்லா? நீதானே அன்னிக்கு மைக் பிடிச்சு, கட்டின பொண்டாட்டிகிட்டகூட அதைச் சொல்லக் கூடாதுன்னே?”

“சொன்னேன் சார்.”

“அவகிட்டயே நான் சொல்லல. உங்கிட்ட சொல்லுவேனா?”

வீட்டில் விஷயத்தை மனைவியிடம் மட்டும் சொன்னார். சொல்லாமல் இருக்க முடியாது. குடியிருந்த வீட்டை மாதக் கடைசிக்குள் காலி செய்யும்படி வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். நிரந்தரமானவர்களுக்கு நிறுவனத்தின் குவார்ட்டர்ஸ் உண்டு. மாடியில் ஒன்று காலியாகவும் இருந்தது.

“நிரந்தரம்னு உங்க வாயால சொல்லுங்க, இன்னொரு தடவை கேக்கறேன்” என்றாள் மனைவி.

“நிரந்தரம்தான். ஆனா இப்போதைக்கு மெமரியில இருக்கு.”

“யாரோட மெமரியில?”

“கம்ப்யூட்டரோட மெமரியில. கரண்ட் போகாம இருக்கணும்.”

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “ஊர்ல எல்லாருக்கும் வேலை கைல இருக்கும், இல்ல போயிருக்கும். உங்களுக்கு மட்டும் பிளக்குல தொங்குது” என்றாள். இருந்தாலும் மறுநாளே போய்க் குவார்ட்டர்ஸ் ஜன்னல்களை அளந்து, திரைத்துணி வாங்கிவந்துவிட்டாள்.

முதல் சிக்கல் வெயிலில் வந்தது. பெரியவர் அறையில் இல்லாதபோது ஏசி ஓடக் கூடாது என்பது சிக்கனத்தைக் குறித்துப் பெரியவரே போட்ட சுற்றறிக்கை. அதை மீறலாம்; ஆனால் ரிமோட்டை அவர் பெட்டியில் வைத்து எடுத்துப் போயிருந்தார். அடைத்த அறைக்குள் கணினியின் காற்றாடி, மூச்சுத் திணறும் கிழவரைப்போல இழுக்கத் தொடங்கியது. சிஸ்டம்காரர் ஜன்னலைத் திறந்தார். புறாக்கள் உள்ளே வந்தன.

“தம்பி, நீங்க போய் உங்க வேலையைப் பாருங்க. புறாவை நான் பாத்துக்கறேன்” என்று வாட்ச்மேன் கம்போடு மேலே வந்தார். கேட்டில் யார் வந்தாலும் போனாலும் நிமிர்ந்து பார்க்காத மனிதர், பெரியவரின் ஜன்னலுக்குக் கீழே நாற்காலி போட்டு நாள் பூரா விழித்திருந்தார். கேட் பாட்டுக்குத் திறந்து கிடந்தது.

“ஐயா, உங்களுக்கு எதுக்கு இந்தச் சிரமம்?”

“சிரமம் என்ன தம்பி. மெஷின் நல்லாருந்தாத்தானே நாம நல்லாருக்க முடியும்.”

எவ்வளவு பெரிய வார்த்தை என்று சிஸ்டம்காரர் நெகிழ்ந்தார்.

காற்று போதவில்லை. ஒரு மேஜை விசிறியைக் கொண்டுவந்து கணினிக்கு நேராக வைத்தார். பக்கத்தில் வேறு பிளக் இல்லை. கணினி சொருகியிருந்த யூபிஎஸ்ஸிலேயே அதையும் சொருகினார். விசிறி சுற்ற ஆரம்பித்ததும் யூபிஎஸ் கத்த ஆரம்பித்தது. அதன் பேட்டரி பெரியவரின் முதல் நாடா வெட்டலுக்கும் முந்தியது. பாரம் தாங்கவில்லை. விசிறியைப் பிடுங்கிய பிறகும் அது நிறுத்தவில்லை. ஒருமுறை கெட்டுப்போன மனம் அவ்வளவு சீக்கிரம் சமாதானமாகுமா?

பேட்டரியை மாற்ற யூபிஎஸ்ஸை அணைக்க வேண்டும். யூபிஎஸ்ஸை அணைத்தால் கணினி அணையும். கணினிக்கு இருப்பது ஒரே ஒரு மின்கயிறு. சிஸ்டம்காரர் தரையில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார்.

அப்போது அக்கவுண்ட்ஸ் மேடம், தன் மேஜைக்கடியிலிருந்த யூபிஎஸ்ஸை இரண்டு கைகளாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு, மூச்சு வாங்க வந்து நின்றாள். ஒரு ஸ்டேப்ளர் பின் கேட்டால்கூடக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கிறவள்.

“இதை வெச்சுக்குங்க சார்.”

“மேடம், உங்க கணினி?”

“நான் பேப்பர்லயே கூட்டிப் போட்டுக்கறேன். உங்க மெஷின்தான் முக்கியம்.” கொஞ்சம் தயங்கினாள். “உள்ள இருக்கறது பத்திரமா இருக்குமில்ல?”

“நான் இருக்கற வரைக்கும் இருக்கும் மேடம்.”

அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

தன் ரகசியம் எப்படியோ கசிந்துவிட்டது என்று சிஸ்டம்காரருக்கு அப்போதுதான் பட்டது. மனைவி யாரிடமாவது சொல்லியிருப்பாள். ஆனால் யாருக்கும் வயிறு எரியவில்லை. இத்தனை வருஷமாக இவர்களைப் பற்றித் தப்பாக நினைத்திருந்தோமே என்று வெட்கப்பட்டார். பெரியவர்கூட இவர்களைப் புரிந்துகொள்ளவில்லை.

புது யூபிஎஸ்ஸைச் சுவரில் சொருகி, அதில் பழைய யூபிஎஸ்ஸைச் சொருகினார். கணினி அணையாமலே காரியம் முடிந்தது. ஆனால் யூபிஎஸ் என்பது சுவரிலிருந்து வருகிற மின்சாரத்தை நம்பாமல் இருப்பதற்காகவே பிறந்த ஜந்து. பழையது புதியதை நம்பவில்லை. வினாடிக்கொரு தரம், மின்சாரம் சரியில்லை என்று பெட்டிசன் போட்டது. அந்தப் பெட்டிசன்களையெல்லாம் கணினி ஒன்று விடாமல் வாங்கிப் பதிவு செய்தது. அப்படித்தான் பதிவு செய்ய வேண்டும் என்று அதற்குச் சொல்லிக் கொடுத்தவர் சிஸ்டம்காரர்தான். மற்ற கணினியாக இருந்தால் பதிவுகள் டிஸ்க்கில் போய் எங்கேயோ கிடக்கும். இதற்கு இருப்பது மெமரி மட்டுமே. படுப்பதும் அதன் மேல்தான், நடப்பதும் அதன் மேல்தான், குப்பை கொட்டுவதும் அதன் மேல்தான்.

மறுநாள், பூட்டிய திரையின் மூலையில் ஓர் எச்சரிக்கை மின்னியது: நினைவகம் நிரம்பிக்கொண்டிருக்கிறது.

“மெமரி வாங்கி இன்னும் கொஞ்சம் போட்டுட்டா என்ன?” என்றாள் மனைவி, போனில்.

“போடலாம். அணைச்சிட்டுத்தான் போடணும்.”

“இந்த மாதிரி ஒண்ணை எந்தப் புத்திசாலி கண்டுபிடிச்சான்?”

சிஸ்டம்காரர் போனை வைத்துவிட்டார். யூபிஎஸ்ஸிலிருந்து கணினிக்குப் போகும் சேதி ஒயரைத் தேடிப் பிடித்து உருவினார். பெட்டிசன்கள் நின்றன. கூடவே, பேட்டரியில் இன்னும் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்று தெரிவதும் நின்றது. தெரியாமல் இருப்பதில் ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதியைக் கெடுக்கிற மாதிரி, பராமரிப்புப் பணிக்காக மறுநாள் பகல் முழுதும் அந்தப் பகுதிக்கு மின்சாரம் இராது என்று மின்வாரியத்தார் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள்.

நிறுவனத்தில் ஒரு ஜெனரேட்டர் இருந்தது. அதன் சக்தி தண்ணீர் மாதிரிகள் இருக்கும் குளிர்பெட்டிக்கு மட்டுமே போதும். குளிர்பெட்டிக்குப் போகும் ஜெனரேட்டர் ஒயரைக் கேட்டால் ஆய்வகத்தார் கொடுக்க மாட்டார்கள். அதனால் சிஸ்டம்காரர் கேட்கவில்லை. அவர்கள் காலை டீ குடிக்கப் போன நேரத்தில் ஒயரைப் பிடுங்கி, ஜன்னல் வழியாகப் பெரியவரின் அறைக்குள் இழுத்தார். குளிர்பெட்டியின் கதவு மூடியே இருக்கும். உள்ளே குளிர் தங்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். போத்தல்களுக்கு என்ன தெரியும்?

நடுப்பகலில் ஜெனரேட்டரின் சத்தம் மாறியது. டீசல் தீர்ந்துகொண்டிருந்தது.

“நகருங்க” என்று டிரைவர் ஒரு ரப்பர்க் குழாயோடு வந்தார். பெரியவரின் காரை முத்தமிடாத குறையாகத் துடைத்துவைப்பவர், அதன் வாயில் குழாயைச் செருகி, உறிஞ்சி, கார் டாங்கில் இருந்ததைச் சொட்டு விடாமல் ஜெனரேட்டருக்கு மாற்றினார்.

“அண்ணே, பெரியவருக்குத் தெரிஞ்சா?”

டிரைவர் வாயிலிருந்த டீசலைத் துப்பினார். “தெரியட்டும் சார். இது அணைஞ்சா மட்டும் நான் கார் ஓட்டி என்ன ஆகப்போகுது?”

சிஸ்டம்காரர் அவரைக் கட்டிக்கொண்டார். டீசல் நாற்றம் சட்டையில் ஒட்டிக்கொண்டது. அதை அவர் பொருட்படுத்தவில்லை. ஒரு மனிதனுக்கு நல்லது நடக்கப் போகிறது என்றால் மற்றவர்கள் இப்படியா பாடுபடுவார்கள்? அன்று அவர் கணினியைவிட மனித இனத்தைப் பற்றி அதிகம் பெருமைப்பட்டார்.

மின்சாரம் வந்தது. பச்சை விளக்கு அணையவில்லை. ஐந்து பேரும் மேஜையைச் சுற்றி நின்று அதைப் பார்த்தார்கள். அக்கா மட்டும் முந்தானையால் மெஷினின் தலையிலிருந்த தூசியை, ஒரு பிள்ளையின் நெற்றியைத் துடைப்பதுபோல் ஒற்றி எடுத்தாள்.

ஆனால் குளிர்பெட்டிக்குள் போத்தல்கள் ஒரு பகல் முழுதும் வெதுவெதுப்பாக இருந்துவிட்டன. கிருமிகள் கிடைத்த அவகாசத்தை வீணாக்கவில்லை. ஆய்வகத்தார் நேர்மையாகப் பரிசோதித்து, ஊரின் எந்தக் குழாய்த் தண்ணீரும் குடிக்கத் தகுந்ததல்ல என்று நேர்மையாக அறிவித்தார்கள். மறுநாள் காலை, குடமும் வாளியும் கோபமுமாக ஊர் நிறுவனத்தின் வாசலுக்கு வந்துவிட்டது. கேட்டைச் சாத்தலாம் என்றால் வாட்ச்மேன் புறா விரட்டிக்கொண்டிருந்தார்.

செய்தி கடல் தாண்டியது. பெரியவர் கருத்தரங்கைப் பாதியில் விட்டுத் திரும்பினார். விமான நிலையத்துக்கு அனுப்பக் காரில் டீசல் இல்லாததால் டாக்சியில் வந்திறங்கினார். கூட்டத்தைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. மைக்குக்கு அவரைத் தெரியும். அது எங்கிருந்தோ அவர் கைக்கு வந்துவிட்டது.

“என் உயிரினும் மேலான மக்களே, உங்கள் தாகத்துக்காக என் தூக்கத்தைத் துறந்து ஓடிவந்திருக்கிறேன்” என்று தொடங்கி, குழாயிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து, எல்லோரும் பார்க்கக் குடித்துக் காட்டினார். ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர் நல்ல தண்ணீர்தானே. கூட்டம் கைதட்டிவிட்டுக் கலைந்தது. ஆய்வகத்தாருக்கு நோட்டீஸ் போயிற்று. சிஸ்டம்காரர் தலையைக் குனிந்துகொண்டார். ஆர்டர் கைக்கு வரட்டும், அப்புறம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தார். நிரந்தரமானவர்கள் உண்மை பேசலாம். அவர்களை யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

பெரியவருக்குப் பின்னாலேயே அறைக்குள் போனார்.

பெரியவர் நாற்காலியில் சாய்ந்தார். ஜன்னலில் தொங்கும் ஒயரையும், ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும் யூபிஎஸ்களையும், கம்பளத்தில் புறா விட்டுப்போன அடையாளங்களையும் பார்த்தார்.

“என்னய்யா இது, பொருட்காட்சி மாதிரி?”

“மெஷினை அணைய விடாமப் பாத்துக்கிட்டோம் சார். நீங்க வெச்சுட்டுப் போனது அப்படியே இருக்கு.”

“எது?”

“ஆர்டர் சார்.”

“ஓ” என்றார் பெரியவர். “ஆமா, ஆமா.”

கடவுச்சொல்லை அடித்தார். மெமரி முட்டி நின்ற கணினி யோசித்தது. திரையில் சின்ன வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது.

“கொஞ்சம் மெதுவா இருக்கும் சார். ரெண்டு நிமிஷம் பொறுத்தீங்கன்னா...”

“எனக்கு ஏது நேரம்” என்றார் பெரியவர். மேஜைக்கடியில் குனிந்து பார்க்கக்கூட இல்லை. அவருடைய கட்டைவிரலுக்கு அந்தப் பொத்தான் இருக்குமிடம் நன்றாகப் பழக்கமாகியிருந்தது. அழுத்திப் பிடித்தார். காற்றாடி ஒருமுறை இழுத்தது. பிறகு நின்றது. வெயிலுக்கும், புறாவுக்கும், மின்வெட்டுக்கும் தப்பிய பச்சை விளக்கு அணைந்தது.

அறையில் அவ்வளவு அமைதியை சிஸ்டம்காரர் அன்றுவரை கேட்டதில்லை.

“சார்...”

“என்ன?”

“அதுக்குள்ள...”

“அடடா” என்றார் பெரியவர். அவர் முகத்தில் வருத்தம் வந்தது. நாடா வெட்டும்போது வருகிற அதே சுத்தத்தோடு வந்தது. “மறந்தே போச்சே. இனிமே எடுக்க முடியாதா?”

“முடியாது சார்.”

“நீ நினைச்சாலும்?”

“முடியாது சார்.”

“பாரு, நான் என்னவோ உனக்குச் செய்யணும்னு அடிச்சு வெச்சேன். நீ கட்டின மெஷின் இப்படிப் பண்ணிடுச்சு. உன்னை நான் குறை சொல்லல.”

“மன்னிச்சிடுங்க சார்” என்றார் சிஸ்டம்காரர்.

“இந்த வருஷத்து நிரந்தர இடத்துக்கான கடைசித் தேதியும் இன்னியோட முடியுது. போகட்டும், அடுத்த வருஷம் பாப்போம்.” பெரியவர் பொத்தானை மறுபடி தட்டினார். கணினி, எதுவும் நடக்காததுபோல், குளித்து உடுத்திய முகத்தோடு எழுந்தது. “எதுக்கும் இப்பவே ஒண்ணு இதுல அடிச்சு வெச்சிடறேன்.”

சிஸ்டம்காரர் வெளியே வந்து கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். பையில் போன் அதிர்ந்தது. மனைவி. திரைத்துணி தைத்தாகிவிட்டது என்று சொல்லத்தான் இருக்கும். எடுக்கவில்லை.

வராந்தாவில் நால்வரும் நின்றிருந்தார்கள். ஜெனரேட்டர் சத்தம் கேட்டு ஓடிவந்தவர்கள், காற்றாடி நின்ற சத்தம் கேட்டும் ஓடிவந்திருந்தார்கள். அக்கவுண்ட்ஸ் மேடம் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். டிரைவரின் கண்கள் சிவந்திருந்தன. வாட்ச்மேன் கம்பைக் கீழே போட்டுவிட்டு, அது உருண்டு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா முந்தானையை வாயில் பொத்தியிருந்தாள்.

தனக்கு வந்ததைவிட அவர்களுக்குத் துக்கம் அதிகம் வந்திருப்பதை சிஸ்டம்காரர் பார்த்தார். வேலை போனாலென்ன, வீடு போனாலென்ன, இந்த மனிதர்களைச் சம்பாதித்திருக்கிறோமே என்று நினைத்தார். ஒவ்வொருவராகப் பார்த்துக் கைகூப்பினார்.

“அணைச்சிட்டாரு. எல்லாம் போயிடுச்சு. எனக்காக நீங்க யாரும் மனசு விட்டுடாதீங்க. என்னோட ஆர்டர் ஒண்ணுதானே, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.”

கதவுக்கு அந்தப் பக்கம் பெரியவர் எதையோ டைப் அடிக்கிற சத்தம் கேட்டது. அக்கா முந்தானையை வாயிலிருந்து மெதுவாக எடுத்தாள்.

“உங்களோடதும் அதுக்குள்ளதான் இருந்துச்சா சார்?”